எட்டுக் குமிழ்க் கட்டை

ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகளைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. ஐம்பதைத் தாண்டிய ஒருவன் இதைச் சொல்ல வேண்டியிருப்பதே களைப்பாக இருக்கிறது. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று கேட்பார்கள். இல்லை என்றதும் பேச்சை மிளகு விலைக்கு மாற்றிவிடுவார்கள்.

பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது சாதாரணக் கட்டையைத்தான். மேலே இரண்டு வரிசையில் எட்டுக் குமிழ்கள், கீழே குடைந்த வயிறு. ஒரு கட்டையின் குமிழ் அடுத்த கட்டையின் வயிற்றுக்குள் போய் இறுகும். இந்தக் கட்டை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்ல பெட்டி. ஜன்னல், சக்கரம், கொடிக்கம்பம் எல்லாம் பெட்டியை விற்பதற்காக. வீட்டை நிறுத்துவது எட்டுக் குமிழ்க் கட்டை. எழுபதுகளில் வந்த பெட்டிகளில் அது தாராளமாக இருந்தது. எண்பதுகளில் பெட்டி பெரிதாகிக்கொண்டே போக, கட்டை குறைந்துகொண்டே வந்தது. ஒரே துண்டாக வார்த்த சுவர் வந்தது, ஒரே துண்டாக வார்த்த படிக்கட்டு வந்தது. அவற்றை எடுத்து வைத்துவிட்டு, கட்டினேன் என்று எப்படிச் சொல்வது?

பிறகு மனிதர்கள் வந்தார்கள். விரல் உயரத்துக்கு, மஞ்சள் முகத்தோடு, எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. தீயணைப்பு வீரனுக்கும் அதே சிரிப்பு, போலீஸ்காரனுக்கும் அதே சிரிப்பு. நான் அவர்களை வெளியே எடுப்பதில்லை. ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். கட்டிடத்துக்குள் ஆள் நின்றால் கண் ஆளைத்தான் பார்க்கும், சுவரில் அடுக்குக்கு அடுக்கு இணைப்பை மாற்றிக் கட்டியிருப்பதைப் பார்க்காது.

எறணாகுளத்தில் பிராட்வே கடைகளில் நம் நாட்டுக் கட்டைகளும் கிடைத்தன. அவற்றை அடியோடு இகழ மாட்டேன். புதிதில் பிரிக்க முடியாத அளவுக்கு இறுகும், சில தடவை பிரித்த பிறகு ஒட்டவே ஒட்டாது. விளிம்பில் பிசிறு இருக்கும். ஆனாலும் அஸ்திவாரத்தில் உள்ளே வைத்து மறைக்க உதவும். வெளிச்சுவருக்கு ஆகாது.

கட்டைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைப்பவர்கள் புதியவர்கள். சிவப்புக் குவியலில் சிவப்புச் சின்னக் கட்டையைத் தேடிப் பார்த்தால் தெரியும். நிறம் கலந்து கிடந்தாலும் கண் பிரித்துவிடும், அளவுதான் கலக்கக் கூடாது. நான் அளவு பார்த்துப் பிரித்து, மிளகுச் சாம்பிள் போட்டு வைக்கும் தகர டப்பாக்களில் வைத்திருந்தேன். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கம்பெனியில் எனக்கு வேலை. மூட்டையில் இரும்புக் குழலைக் குத்தி மாதிரி எடுத்து, சலித்து, தூசி எவ்வளவு, உள்ளே ஒன்றும் இல்லாத பொக்கு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய டப்பாக்களைக் கேட்டால் கொடுப்பார்கள். எவ்வளவு கழுவினாலும் மிளகு வாசனை போகவில்லை. முதல் அடுக்கு வைக்கும்போது சில நாள் தும்மல் வரும்.

கழுவுவது இன்னொரு சங்கடம். வெந்நீர் ஆகாது, கட்டை கோணிவிடும். வெயிலில் காயவைத்தால் வெள்ளை மஞ்சளாகும். நிழலில் காயவைத்தால் இடவப்பாதி மழைக்காலத்தில் வயிற்றுக்குள் இருக்கும் ஈரம் போகவே போகாது. சில வருஷம் கழுவாமலே விட்டேன்.

பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தில் வானம் எப்போதும் நீலமாக இருக்கும். அந்தப் படத்தில் உள்ள வீட்டை நான் ஒரு முறை கட்டுவேன், எல்லாத் துண்டும் இருக்கிறதா என்று பார்க்க. பிறகு பிரித்துவிட்டு எனக்குத் தெரிந்ததைக் கட்டுவேன். எனக்குத் தெரிந்தது பஜார் ரோட்டின் பண்டகசாலைகள். சரிந்த சிவப்புக் கூரை, உயரத்தில் சின்ன ஜன்னல், பின்பக்கம் வள்ளம் வந்து அணையும் படி. புகைபோக்கிக்கு என்று வந்த துண்டுகளைக் காற்றுத் துவாரமாக வைத்தேன். ஒரு சமயத்தில் ஒரு பண்டகசாலைக்குத்தான் கட்டை போதும். அடுத்ததைக் கட்ட வேண்டுமானால் இதைப் பிரிக்க வேண்டும். இதைக் குறை என்று நான் நினைத்ததில்லை.

கம்பெனியில் இந்த விஷயம் எப்படியோ தெரிந்துபோயிற்று. எடை போடும் சேட்டன் ஒருவர் தினமும் காலையில் கேட்பார்: "சாமியே, வார்ப்பு கழிஞ்ஞோ?" மேல்தளத்துக்குக் கான்கிரீட் வார்த்தாயிற்றா என்று அர்த்தம். வளைகுடாப் பணத்தில் ஊரெங்கும் வீடு எழும்பிக்கொண்டிருந்த காலம், எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. வாடகை வீட்டில் இருக்கிற என்னிடம் கேட்டால் மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் சிரிப்பார்கள். முதலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு "சிமெண்டு கிட்டியில்லா" என்று மட்டும் சொல்லப் பழகினேன். அதோடு அவருக்கும் திருப்தி.

முதல் பெட்டி வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு ஒரே தம்பி. எழுபதுகளின் நடுவில் துபாய்க்குப் போனான். முதல் லீவில் அவன் வந்தபோது இவள் கர்ப்பமாக இருந்தாள். அக்காவின் குழந்தைக்கு என்று இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். குழந்தை பிறந்து இதையெல்லாம் கையில் எடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் திரும்பிப் போன பிறகு குழந்தை ஏழாம் மாதத்தில் பிறந்து, தங்கவில்லை. அதற்குப் பிறகு இல்லை.

பெட்டி அலமாரியின் மேல் பாலிதீன் உறையோடு இருந்தது. யாரும் எடுக்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் பந்த் என்று கம்பெனி அடைத்திருந்தது. கூரை ஒழுகிய ஈரம் அலமாரிக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியை இறக்கினேன். உறைக்குள் நீர் கோத்திருந்தது. துடைத்து உலர்த்துவதற்காகத் திறந்தேன். அப்புறம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வந்து கூப்பிட்டபோது நாலு சுவர் எழும்பியிருந்தது. அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "கூரைக்கு இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்போ சாப்பிட்டுட்டு வந்து போடுங்கோ" என்றாள்.

அடுத்த லீவில் தம்பி வந்து பார்த்தான். சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவிலும் எனக்கென்று ஒரு பெட்டி வந்தது. இடையில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று, ஆலுவாவில் பெண் எடுத்தான். மனைவியும் மகளும் அங்கே மாமனார் வீட்டில் இருந்தார்கள். எண்பதுகளின் பின்பாதியில், நான் சொல்லவரும் நவராத்திரியின்போது, என்னிடம் ஏழு பெட்டிகள் இருந்தன.

அந்த வருஷம் அவன் வெறுங்கையோடு வந்தான். நவராத்திரி தொடங்கிய நாள் சாயங்காலம். சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"அத்திம்பேரே, இந்தத் தடவை பெட்டி ஒண்ணும் இல்லை, கேட்டேளா. கொழந்தைக்கு அஞ்சாகப் போறது. இங்க இருக்கறதை அவளுக்குக் கொண்டுபோலாம்னு பாக்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"பின்னே? பாதி குடுத்தா பாதி வீடுதானே கட்டலாம்." அவனே சிரித்துக்கொண்டான். "நீங்களும் எத்தனை வருஷமா விளையாடியாச்சு. மதியாகலையா, போறும்னு தோணலையா?"

சொல்வதற்கு நிறைய இருந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு பெட்டி போதும், ஏழும் சேர்ந்தால் குவியல்தான் மிஞ்சும். மெல்லிய தகடுகளைப் பல்லால் கடித்துப் பிரிப்பாள், அந்தத் தடம் போகாது. ஆலுவாவில் அந்த வீட்டுக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது. எல்லாம் உண்மை. ஆனால் ஒன்றுகூட வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இல்லை. பெட்டிகள் அவன் வாங்கிக் கொடுத்தவை. கேட்பது தன் குழந்தைக்காக. மறுக்கிறவன் ஐம்பது வயதுக்காரன். அவை போய்விட்டால், சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து குளித்த பிறகு என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மூட்டை, சல்லடை, தூசி, சாப்பாடு, தூக்கம் என்று வரிசையாக வந்தது.

"நவமி அன்னிக்கு கார் கொண்டுவரேன்" என்றான் அவன். "அவாளும் கொலு பாத்தாப்பல ஆச்சு. மறுநாள் காத்தால நான் திருவனந்தபுரம் போகணும். பிளைட்."

என் மனைவி சொன்னது ஒன்றுதான்: "சாயா ஆறிப்போறது, குடி."

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அவளிடம் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்குக் கூடப்பிறந்தவன் என்று அவன் ஒருவன்தான். மாலைகளில் கட்டிக்கொண்டிருந்த பண்டகசாலையைத் தொடர்ந்து கட்டினேன். முடிப்பதற்குள் நவமி வந்துவிடும் என்று தெரிந்தும் அவசரப்படவில்லை. அவசரமாக வைத்த கட்டை சரியாக அமராது.

அஷ்டமி அன்று கம்பெனியில் தராசுகளைத் துடைத்துப் பூஜைக்கு வைத்தார்கள். நான் மாலையில் என் சல்லடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதை வீட்டுப் பூஜையில் வைப்பது வழக்கம். உள்ளே வந்ததும் அலமாரியைப் பார்த்தேன். மேலே ஒன்றும் இல்லை. மேசையிலும் ஒன்றும் இல்லை. பாதி எழும்பிய பண்டகசாலை, டப்பாக்கள், எதுவும் இல்லை. மேசையைத் துடைத்துக்கூட வைத்திருந்தாள். தம்பி வருமுன் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். கோபம் வரவில்லை. கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவ வேண்டும், அதற்கே எழுந்திருக்க முடியவில்லை.

"சல்லடையைக் கொண்டாங்கோ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கொண்டுபோனேன். கொலுவுக்குப் பக்கத்தில் சரஸ்வதி படம், அதன் முன்னால் மணை. மணையில் அவளுடைய பாராயணப் புத்தகங்கள், தையல் கத்தரிக்கோல், என் பேனா, என் டைரி. இவற்றுக்குக் கீழே ஏழு பெட்டிகளும் அடுக்கியிருந்தன. பக்கத்தில் மிளகு டப்பாக்கள். பண்டகசாலை ஒரு தாம்பாளத்தில் அப்படியே இருந்தது. ஒரு கட்டைகூட நகரவில்லை.

"இதை எதுக்கு இங்க கொண்டுவந்தே?"

"பூஜைக்கு."

"நாளைக்கு அவன் வரான்."

"வரட்டும். பூஜைல இருக்கறதை நவமி அன்னிக்கு யாரு எடுப்பா?"

கேரளத்தில் இருக்கிற எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அஷ்டமி மாலை புத்தகத்தையும் தொழில் கருவியையும் படத்தின் முன் வைத்து மூடிவிட்டால், விஜயதசமி காலை பூஜை எடுக்கும் வரை தொடக் கூடாது. படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. என் டைரியில் ஒவ்வொரு வருஷமும் அந்த நாள்கள் காலியாகக் கிடந்து, பிறகு நினைவிலிருந்து எழுதப்பட்டவை. இதில் யாரும் விளையாடுவதில்லை. துபாயில் இருந்தாலும் விளையாட மாட்டார்கள்.

"விளையாட்டுச் சாமானைப் போய்" என்று ஆரம்பித்தேன்.

"கொலுவுல வெக்கறதுக்கு எல்லாரும் வருஷா வருஷம் கேட்டா. நான் வெச்சேனா?" என்றாள். உண்மைதான். கொலு பார்க்க வருகிற பெண்கள் எல்லோரும் இந்த வீட்டைப் படியில் வைத்தால் எத்தனை அழகு என்பார்கள், அவள் கேட்காத மாதிரி சுண்டல் கொடுப்பாள். சல்லடையை என் கையிலிருந்து வாங்கி டப்பாக்களின் பக்கத்தில் வைத்தாள். பட்டுத் துணியை விரித்துக்கொண்டே சொன்னாள்:

"முதல் பெட்டி யாருக்குன்னு கொண்டுவந்தான்? அவனுக்கு அது மறந்துபோச்சு. மறக்கறது தப்புன்னு சொல்லலை. எல்லாத்தையும் சேத்துக் கேட்டான் பாருங்கோ, அதாக்கும் தப்பு."

துணியின் ஒரு முனை பண்டகசாலையின் சுவரில் சிக்கியது. நான் குனிந்து விடுவித்தேன். விளக்கேற்றினாள்.

நவமி அன்று மத்தியானத்துக்கு மேல் கார் வந்தது. தம்பி, அவன் மனைவி, குழந்தை. குழந்தை நேராகக் கொலுவின் முன் போய் உட்கார்ந்துவிட்டது. தம்பி அலமாரியைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கட்டி வெச்சாச்சா, அத்திம்பேரே? டிக்கியைத் தொறக்கச் சொல்லட்டுமா?"

நான் மனைவியைப் பார்த்தேன்.

"பூஜைல இருக்கு" என்றாள் அவள்.

"எது?"

"பெட்டி."

அவன் போய்ப் பட்டுத் துணியின் கீழே தெரிந்த பெட்டி மூலையைக் குனிந்து பார்த்தான். கை நீட்டவில்லை. "என்னக்கா இது. பொம்மையைப் போய் யாராவது பூஜைல வெப்பாளா?"

"அத்திம்பேர் கைவேலை பண்ற சாமான். கம்பெனி சல்லடையும் அங்கதான் இருக்கு, பாரு."

"சல்லடை வயத்துப்பாடு. இது அப்படியா?"

"அந்தக் கத்தரிக்கோல் என்ன வயத்துப்பாடா? அதையும்தான் வெச்சிருக்கேன்."

அவன் மனைவி மெதுவாகச் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி: "அத்திம்பேருக்கு விளையாடித் தீரலையாக்கும். அதுக்கு சரஸ்வதியைக் கூப்பிடணுமா?"

"ஆமாம், தீரலை" என்றாள் என் மனைவி. "சுண்டல் எடுத்துக்கோ."

தம்பி என் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்கோ அத்திம்பேரே. நாளைக்குக் காத்தால நான் போயிடுவேன். எப்போ எடுக்கறது?"

எதைச் சொன்னாலும் அக்கா தம்பி இரண்டு பேரில் ஒருவருக்கு வலிக்கும். "நான் வெக்கலை" என்றேன். "ஆனா வெச்சாச்சு."

"விஜயதசமி கழிஞ்சு மாமனாரை அனுப்பறேன்."

"அனுப்பேன்" என்றாள் அவள். "நல்ல மனுஷர். வந்தா சாயா போட்டுக் குடுக்கறேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். பாதியில் நின்றுவிட்டது. அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன நினைவு வந்ததோ தெரியாது. டிக்கி விஷயத்தை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

குழந்தை கிளம்பும்போது என் மனைவி உள்ளே போய் ஒரு மரச் செப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். குட்டி அடுப்பு, குட்டிக் குடம், குட்டி உரல். பளபளவென்று புதிதாக இருந்தது. எப்போது வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. குழந்தை அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறியது, எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. தம்பியின் மனைவி மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

விஜயதசமி காலை பூஜை எடுத்ததும் தொழிலைத் தொட வேண்டும். ஒரு பக்கம் படித்தேன், டைரியில் ஒரு வரி எழுதினேன். பண்டகசாலையை மேசைக்குக் கொண்டுவந்து ஒரு அடுக்கு வைத்தேன். எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. அன்று ஒரு அடுக்கோடு எழுந்துவிட்டேன்.

சில நாள் கழித்துத் தம்பியின் மாமனார் வந்தார். பக்கத்து ஜூ டவுனில் யாரையோ பார்க்க வந்த வழியில் எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். பெட்டியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று வந்தது முகத்தில் தெரிந்தது. சாயாவையும் நேந்திரங்காய் வறுவலையும் சாப்பிட்டுவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

அடுத்த லீவில் தம்பி தனியாக வந்தான். சோப்பு, டார்ச் லைட், எனக்கு ஒரு சட்டைத் துணி. பெட்டி இல்லை. அதற்கடுத்த லீவிலும் இல்லை. அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டார்கள், முன்போல இல்லை. பேச்சுக்கு நடுவில் இடைவெளி விழும், அப்போது இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். அவன் மனைவி வீட்டு விசேஷங்களுக்கு எங்களைக் கூப்பிடுவது குறைந்தது. எனக்கு அவை போனதில் நஷ்டமில்லை. அவளுக்கு இருந்திருக்கும். கேட்டதில்லை.

அவன் மூன்றாவது தடவை வந்துபோன மாலை நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன். கையில் இருக்கிற கட்டைதான் இனி என்று தெரிந்துவிட்டது. வெள்ளையில் பாதி மஞ்சளாகிவிட்டது. படகுத்துறையைக் கட்ட வேண்டுமானால் நிற்கிறதைப் பிரித்தாக வேண்டும். அவள் தம்பி குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு கட்டையையும் வைத்ததில்லை, கழற்றியதும் இல்லை. பண்டகசாலை இருந்த தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கூரைலேர்ந்து எடு" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

நகத்தால் நெம்பி முதல் கூரைக் கட்டையைக் கழற்றினாள். அளவு பார்த்து, சரியான டப்பாவில் போட்டாள்.